பைக்குள் தூங்குதா, வேகுதா? - லேப்டாப்பை 'ஸ்லீப் மோடில்' தூக்கிச் செல்பவர்கள் கவனத்துக்கு!

விருத்தாசலம் ஜங்ஷன். சென்னை போகும் வைகை எக்ஸ்பிரஸ் வரப்போகிறது என்று அறிவிப்பு கேட்கிறது. அதுவரை பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டைத் தட்டிக்கொண்டிருந்த நீங்கள், படக்கென்று லேப்டாப் மூடியைச் சாத்தி, பைக்குள் தள்ளி, ஜிப்பை இழுத்துவிட்டு ஓடுகிறீர்கள். எழும்பூரில் இறங்கி, ரூமுக்குப் போய், பையைத் திறந்தால் உள்ளேயிருந்து குப்பென்று அனல். லேப்டாப்பின் அடிப்பக்கம் தோசைக்கல் மாதிரி சுடுகிறது. காலையில் 90 சதவிகிதம் இருந்த சார்ஜ் இப்போது 8. ஃபேன் மட்டும் 'உய்ங்' என்று கத்திக்கொண்டிருக்கிறது.

"மூடித்தானே வெச்சேன்... ஸ்லீப்லதானே இருந்துச்சு?"

இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். மூடியைச் சாத்தினால் லேப்டாப் தூங்கிவிடும் என்பது நாம் வைத்திருக்கும் நம்பிக்கை. அந்த நம்பிக்கை ஒரு காலத்தில் சரியாகத்தான் இருந்தது. இன்றைக்குக் கடையில் வாங்கும் பெரும்பாலான விண்டோஸ் லேப்டாப்களுக்கு அது அப்படியே பொருந்தாது. ஈ.எம்.ஐ இன்னும் முடியாத ஒரு பொருளின் பேட்டரி, இரண்டே வருடத்தில் உப்பிப்போவதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணமாகலாம் என்பதால், இதைக் கொஞ்சம் விளக்கமாகவே பார்த்துவிடலாம்.

பையா, சூளையா?

விருத்தாசலத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். பீங்கான் ஊர் ஆயிற்றே! செராமிக் தொழிற்பேட்டைப் பக்கம் போனால் பொம்மை, அகல்விளக்கு, கரன்ட் பெட்டியில் மாட்டும் ஃபியூஸ் கேரியர் என்று எல்லாமே சூளையில் வெந்துதான் வெளியே வருகின்றன. 1,000 டிகிரியைத் தாண்டும் சூட்டைச் சூளை எப்படி வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது? உள்சுவரில் இருக்கும் வெப்பம் கடத்தாத செங்கலில்தான் விஷயம் இருக்கிறது. அந்தச் செங்கலுக்குள் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஏகப்பட்ட சின்னச் சின்னக் காற்றறைகள். அசையாமல் அடைபட்ட காற்று, சூட்டை அவ்வளவு சீக்கிரம் கடத்தாது. அதனால்தான் நெருப்பை நிறுத்திய பிறகும் சூளை ஆற நேரம் பிடிக்கிறது.

இப்போது உங்கள் லேப்டாப் பையின் உள்பக்கத்தை அமுக்கிப் பாருங்கள். மெத்மெத்தென்று ஒரு ஃபோம் இருக்கும். கீழே விழுந்தால் அடிபடாமல் இருக்க வைத்தது. அந்த ஃபோமுக்குள்ளும் அதே அடைபட்ட காற்றுதான். அடியிலிருந்து காப்பாற்றும் அதே பஞ்சு, சூட்டை வெளியே விடாமலும் பிடித்துக்கொள்கிறது. போதாக்குறைக்கு ஃபேன் காற்றை உறிஞ்சும் துளைகளும், சூடான காற்றை வெளியே தள்ளும் துளைகளும் பையின் துணியோடு ஒட்டிக் கிடக்கின்றன. ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அதே சூடான காற்றைத்தான் திரும்பத் திரும்ப இழுக்கும்.

எவ்வளவு சூடு என்று ஒரு தோராயக் கணக்கு. வீட்டில் சாமி படத்துக்கு மேலே எரியுமே பழைய 'ஜீரோ வாட்' பல்பு, அது பெயரில்தான் ஜீரோ. உண்மையில் 10 வாட்டுக்கு மேல் சாப்பிடும். விழித்திருக்கும் ஒரு லேப்டாப், பெரிதாக எந்த வேலையும் செய்யாவிட்டாலும் ஏறக்குறைய அதே அளவு மின்சாரம் எடுக்கும். ஏதாவது அப்டேட் ஓடினால் இரண்டு, மூன்று பல்பு அளவுக்குப் போகும். எரியும் பல்பை ஒரு கம்பளியில் சுற்றி, மூன்று மணி நேரம் மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் போவீர்களா? பையில் விழித்துக் கிடக்கும் லேப்டாப்பை நாம் அப்படித்தான் கொண்டுபோகிறோம்.

ஒழுங்காகத் தூங்கும் லேப்டாப் எடுப்பது ஒரு வாட்டுக்கும் கீழே. அந்தச் சூடு பையில் தெரியவே தெரியாது. ஆக, 'ஸ்லீப்' என்ற பெயரில் உங்கள் லேப்டாப் உண்மையில் எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

அந்தக் காலத் தூக்கம், இந்தக் காலத் தூக்கம்

2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தது ஞாபகம் இருக்கிறதா? அண்ணனோ அக்காவோ வாங்கிய அந்தக் கனமான லேப்டாப் சில வீடுகளில் இன்னும் பரணில் கிடக்கும். அந்தக் காலத்து லேப்டாப்பை மூடினால், பிராசஸர், டிஸ்க், வைஃபை என எல்லாவற்றுக்கும் மின்சாரம் நின்றுவிடும். நீங்கள் திறந்து வைத்திருந்ததை ஞாபகம் வைத்துக்கொள்ளும் ரேமுக்கு மட்டும் ஒரு சொட்டு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். டெக் ஆசாமிகள் இதை 'எஸ் 3' என்பார்கள். அசந்து தூங்குவது. பக்கத்தில் இடி விழுந்தாலும் எழாத தூக்கம்.

பிறகு ஸ்மார்ட்போன் வந்தது. பட்டனைத் தட்டினால் கண நேரத்தில் திரை எரிகிறது, மூடி வைத்திருக்கும்போதும் மெசேஜ் வருகிறது. லேப்டாப்பும் இப்படி இருந்தால் என்ன என்று மைக்ரோசாஃப்ட் யோசித்தது. 2012-ல் விண்டோஸ் 8-உடன் 'கனெக்டட் ஸ்டாண்ட்பை' வந்தது. விண்டோஸ் 10-ல் அது 'மாடர்ன் ஸ்டாண்ட்பை' ஆனது. இதில் லேப்டாப் முழுசாகத் தூங்குவதில்லை. திரையை அணைத்துவிட்டு, வேகத்தைக் குறைத்துக்கொண்டு, கண்ணை மூடிப் படுத்திருக்கும். அவ்வப்போது எழுந்து மெயில் பார்க்கும், அப்டேட் வந்திருக்கிறதா என்று கேட்கும், மறுபடி படுக்கும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் இதிலும் பேட்டரி பெரிதாகக் குறையாது, சூடும் ஆகாது.

ஆனால், 'எல்லாம் ஒழுங்காக' என்பதில் ஏகப்பட்ட பேர் கையெழுத்துப் போட வேண்டும். வைஃபை டிரைவர், கிராஃபிக்ஸ் டிரைவர், ஆன்டி வைரஸ், பிரவுசர், பின்னணியில் ஓடும் க்ளவுட் ஆப்... இதில் ஒன்று அடம்பிடித்தாலும் லேப்டாப் தூங்கப் போகாது. போனிலும் இப்படித்தானே என்று கேட்கலாம். போனில் ஃபேனே கிடையாது, அதன் சிப் முதலிலிருந்தே சிக்கனமாக வடிவமைக்கப்பட்டது. லேப்டாப் சிப் முழு வேகம் எடுத்தால் கதை வேறு. என்னைக் கேட்டால், போனின் வசதியை லேப்டாப்புக்குக் கொண்டுவந்தவர்கள், நாம் அதைப் பையில் போட்டு ஜிப்பை மூடுவோம் என்பதை இன்னும் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

இது ஏதோ ஒன்றிரண்டு பேரின் புலம்பல் அல்ல. லேப்டாப் ஆனில் இருக்கும்போதோ, ஸ்லீப், ஸ்டாண்ட்பை நிலைகளிலோ பையில் வைக்காதீர்கள், அதனால் சூடாகிச் சேதமானால் வாரன்ட்டி கிடையாது என்று டெல் நிறுவனமே தன் உதவிப் பக்கத்தில் எச்சரித்திருக்கிறது. ஹைபர்னேட்டையும் அந்தப் பட்டியலில் சேர்த்திருப்பதுதான் ஹைலைட். விற்கும்போது 'மூடியைத் திறந்த நொடியில் ரெடி' என்கிறார்கள், வாரன்ட்டி என்று வந்தால் இப்படி!

உங்கள் லேப்டாப் எந்த ரகம்?

ஒரு நிமிட வேலைதான். விண்டோஸில் ஸ்டார்ட் பட்டனைத் தட்டி, 'சிஎம்டி' என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை டைப் செய்தால் கமாண்ட் பிராம்ப்ட் என்ற கறுப்புத் திரை வரும். அதில் 'பவர்' என்ற ஆங்கிலச் சொல்லை அடித்து, இடைவெளி விடாமல் சி, எஃப், ஜி என்ற எழுத்துகளைச் சேருங்கள். பிறகு ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, அதை ஒட்டி 'ஏ' எழுத்து. என்டர் தட்டினால் உங்கள் லேப்டாப்புக்குத் தெரிந்த தூக்கங்களின் பட்டியல் வரும். மேலே இருக்கும் பட்டியலில் 'ஸ்டாண்ட்பை எஸ் 3' என்று இருந்தால் பழைய அசந்த தூக்கம். 'எஸ் 0 லோ பவர் ஐடில்' என்று இருந்தால் மாடர்ன் ஸ்டாண்ட்பை. சமீபத்தில் வாங்கியது என்றால், பெரும்பாலும் இரண்டாவதுதான் இருக்கும்.

இருந்துவிட்டுப் போகட்டும், பயப்பட வேண்டாம். வீட்டில், ஹாஸ்டலில், மேஜை மேல் மூடி வைப்பதற்கு ஸ்லீப் தாராளமாகப் போதும். வகுப்பு விட்டு வகுப்பு மாறும் ஐந்து நிமிடத்துக்கும் பிரச்னையில்லை. பைக்குள் போகிறது என்றால்தான் வேறு ஏற்பாடு வேண்டும். அதற்குப் பெயர் ஹைபர்னேட்.

ஹைபர்னேட்டில் நீங்கள் திறந்து வைத்திருக்கும் அத்தனை டேப், ஃபைல் எல்லாவற்றையும் லேப்டாப் அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொண்டு, மின்சாரத்தை நிறுத்திவிடும். ஷட் டவுன் செய்த மாதிரிதான், ஆனால், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். திறக்கும்போது ஸ்லீப்பைவிடச் சில நொடிகள் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான்.

மூடியைச் சாத்தினாலே ஹைபர்னேட் ஆகும்படி வைத்துவிடலாம். கன்ட்ரோல் பேனல் போய், 'ஹார்டுவேர் அண்டு சவுண்ட்', அதற்குள் 'பவர் ஆப்ஷன்ஸ்'. இடது பக்கம் 'சூஸ் வாட் குளோசிங் தி லிட் டஸ்' என்று ஒரு வரி இருக்கும். அதைத் தட்டினால் 'ஆன் பேட்டரி', 'ப்ளக்டு இன்' என இரண்டு வரிசை. பேட்டரி வரிசையில் மூடிக்கு 'ஹைபர்னேட்' என்று மாற்றி, சேவ் கொடுத்துவிடுங்கள். சார்ஜரில் இருக்கும்போது ஸ்லீப்பே போதும் என்று சிலர் விட்டுவிடுவார்கள். அப்படி விட்டால் ஒரு விஷயத்தைப் பழக்கிக்கொள்ள வேண்டும்: முதலில் சார்ஜரைப் பிடுங்குங்கள், பிறகு மூடியைச் சாத்துங்கள். சார்ஜரில் இருக்கும்போதே மூடிவிட்டு, பிறகு வயரை உருவிப் பையில் போட்டால், அது ஸ்லீப்பிலேயே பைக்குள் போய்விடும். கிளம்பும் அவசரத்தில் நாம் எல்லோரும் செய்வது இதைத்தான்.

ஸ்டார்ட் மெனுவில் பவர் பட்டனைத் தட்டினால் ஹைபர்னேட் காட்டவில்லையா? அதே பவர் ஆப்ஷன்ஸில் 'சூஸ் வாட் தி பவர் பட்டன்ஸ் டூ' போய், 'கரன்ட்லி அன்அவைலபிள்' என்று முடியும் நீல எழுத்து வரியைத் தட்டினால், கீழே ஹைபர்னேட்டுக்கு டிக் போடும் கட்டம் திறக்கும்.

"தினமும் டிஸ்க்கில் எழுதினால் எஸ்.எஸ்.டி சீக்கிரம் தேய்ந்துவிடாதா?" என்று ஒரு பயம் நண்பர்கள் வட்டாரத்தில் உலவுகிறது. கணக்குப் போட்டுவிடலாம். ஒரு நாளைக்கு 10 ஜி.பி எழுதுகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், வருடத்துக்கு 3.65 டி.பி. வழக்கமான 500 ஜி.பி எஸ்.எஸ்.டி ஒன்றுக்கு 300 டி.பி வரை எழுதலாம் என்று உத்தரவாதம் தருகிறார்கள். 80 வருடம் ஆகும். அதற்குள் நீங்களே ரிட்டயர்டு ஆகியிருப்பீர்கள்.

அப்புறமும் எப்படிச் சூடாகுது?

ஹைபர்னேட் வைத்தும், ஷட் டவுன் செய்தும் பை சுட்டதென்றால் சில சந்தேக ஆசாமிகள் இருக்கிறார்கள். முதல் ஆசாமி, 'டூ நத்திங்'. ராத்திரி படம் டவுன்லோடு ஆகட்டும், மூடினாலும் ஓடட்டும் என்று என்றோ ஒரு நாள் மூடி செட்டிங்கை 'டூ நத்திங்' என்று மாற்றியிருப்பீர்கள். மாற்றியதே மறந்து போயிருக்கும். இதில் லேப்டாப் அரைத் தூக்கம்கூடத் தூங்காது, முழு விழிப்போடு பைக்குள் உட்கார்ந்திருக்கும். டவுன்லோடு பிரியர்கள் இதை இன்றைக்கே போய்ப் பார்த்துவிடுவது நல்லது.

அடுத்தது, 'அப்டேட் அண்டு ஷட் டவுன்'. இதை அழுத்திவிட்டு, 'சுற்றிட்டு இருக்கட்டும், போற வழியில அணைஞ்சிடும்' என்று பையில் போடுவது ரொம்பவே ஆபத்தான வேலை. அப்டேட் ஏறும்போது பிராசஸர் நன்றாக வேலை செய்யும், நடுவில் ரீஸ்டார்ட்டும் ஆகும். கால் மணி நேரமோ அரை மணி நேரமோ, அத்தனையும் மூடிய பைக்குள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்றால் அப்டேட் இல்லாத வெறும் ஷட் டவுனைத் தேர்ந்தெடுங்கள். எதுவானாலும் திரை அணைந்து, விளக்கு அணைந்து, ஃபேன் சத்தம் நின்ற பிறகுதான் ஜிப். அது வழக்கமாக அரை நிமிடம்கூட ஆகாது.

வயர்லெஸ் மவுஸும் ஒரு வில்லன். ரிசீவரை லேப்டாப்பிலேயே செருகி வைத்துவிட்டு, மவுஸை ஆஃப் செய்யாமல் அதே பையில் போட்டால், பஸ் குலுங்கும்போதெல்லாம் மவுஸ் அசைந்து, ஸ்லீப்பில் இருக்கும் லேப்டாப்பைத் தட்டி எழுப்பிக்கொண்டே இருக்கும். தூங்கும் குழந்தையை நிமிடத்துக்கொரு முறை உலுக்குகிற மாதிரி.

மேக்புக் வைத்திருப்பவர்கள் இவ்வளவு பதற வேண்டியதில்லை. ஆப்பிளின் சொந்த சிப் வந்த பிறகு அவற்றின் தூக்கம் நன்றாகவே இருக்கிறது. ஆனால், மேக்கை மானிட்டரிலும் சார்ஜரிலும் இணைத்து, மூடியபடியே வேலை செய்கிறீர்கள் என்றால், மூடியிருந்தாலும் அது விழித்துத்தான் இருக்கும். வயர்களைக் கழற்றி அப்படியே பையில் போடாமல், ஆப்பிள் மெனுவில் ஸ்லீப் கொடுத்துவிட்டுக் கழற்றுங்கள். நாள் முழுக்கப் பயணம் என்றால் ஷட் டவுன்.

விமானத்தில் போகிறவர்களுக்கு விதியே இருக்கிறது. லேப்டாப்பைக் கையோடு கேபினில் கொண்டுபோவதுதான் நல்லது. செக்-இன் லக்கேஜில் போட்டே ஆக வேண்டுமென்றால், முழுசாக அணைத்திருக்க வேண்டும். ஸ்லீப், ஹைபர்னேட் எதுவும் செல்லாது என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ தெளிவாகவே சொல்லியிருக்கிறது. லக்கேஜ் அறையில் ஒரு பேட்டரி புகைந்தால் யாருக்கும் சட்டென்று தெரியாது என்பதுதான் காரணம்.

பேட்டரிக்கு ஏன் சூடு ஆகாது?

பிராசஸரைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்பட வேண்டாம். 100 டிகிரியை நெருங்கினால் அது தானாகவே வேகத்தைக் குறைக்கும், அதற்கும் அடங்காவிட்டால் லேப்டாப்பையே அணைத்துவிடும். பாவம், பேட்டரிதான். அதற்குள் நடப்பது ரசாயன விளையாட்டு. சூடு ஏற ஏற வேண்டாத வினைகளும் வேகமெடுக்கும். உள்ளே வாயு உருவாகும். பேட்டரி உப்புவது அதனால்தான். ஒரு நாள் சுட்டதால் உடனே எதுவும் ஆகிவிடாது. வாரா வாரம் ஊருக்கும் சென்னைக்கும் போய்வரும் ஒருவரின் பையில் ஒவ்வொரு முறையும் சுட்டால், முன்பு ஐந்து மணி நேரம் நின்ற சார்ஜ் இரண்டு மணி நேரத்துக்கு வந்துவிடும். முழு சார்ஜோடு சூடும் சேர்ந்தால் பாதிப்பு இன்னும் அதிகம்.

மேக்புக்குக்கு ஆப்பிள் சொல்லும் கணக்கு இது: 10 முதல் 35 டிகிரி வரையிலான இடத்தில் பயன்படுத்தலாம், அணைத்து வைத்திருந்தாலும் 45 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. கத்திரி வெயிலில் நம்ம ஊர் வெளிக்காற்றே 40 டிகிரியைத் தொட்டுவிடுகிறது. வெயிலில் நிற்கும் கார் கண்ணாடியை ஏற்றிவிட்டால் உள்ளே அதையும் தாண்டிவிடும். ஷட் டவுன் செய்த லேப்டாப்பாகவே இருந்தாலும் கார் சீட்டில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். பைக்கில் பெட்ரோல் டேங்க் மேல் பையை வைத்து, வெயிலில் ஊர் ஊராகப் போகிறவர்களுக்கும் இதே அட்வைஸ்தான்: பை முதுகில் இருக்கட்டும், நிழலில் நிறுத்துங்கள்.

ரயிலில் போகிறவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. இரவு 11 முதல் காலை 5 மணி வரை சார்ஜிங் பாயின்ட்டுகளை அணைத்து வைப்பது என்று 2021-ல் ரயில்வே முடிவெடுத்தது. பையில் சூடாகிக் காலியான லேப்டாப்போடு இரவு ரயிலில் ஏறினால், விடியும்வரை அது வெறும் பலகைதான்.

சுட்டுவிட்டது... இப்போ என்ன செய்ய?

பையிலிருந்து எடுத்தவுடன் சார்ஜரைச் செருகாதீர்கள். சூடான பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது வெந்த புண்ணில் வேல். மூடியைத் திறந்து பாருங்கள். திரை வந்தால் ஷட் டவுன் கொடுங்கள், எதுவும் அசையவில்லை என்றால் பவர் பட்டனை 10 நொடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் அணைந்துவிடும். பிறகு மெத்தை, தலையணை மேல் வைக்காமல் வெறும் தரையில் திறந்த நிலையில் வையுங்கள். டைல்ஸ் தரை இதற்கு ரொம்ப நல்லது, சூட்டைச் சீக்கிரம் இழுத்துக்கொள்ளும். பீங்கான் ஊர்க்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்! ஃபேன் காற்று போதும். ஃப்ரிட்ஜில் வைப்பது, ஐஸ் ஒத்தடம் கொடுப்பது எல்லாம் வேண்டவே வேண்டாம். சூடான பொருள் சட்டென்று குளிர்ந்தால் உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும். பிறகு பேட்டரியோடு மதர்போர்டுக்கும் சேர்த்துச் செலவு.

ஆறிய பிறகு, மேஜை மேல் வைத்து ஒரு சோதனை. நான்கு முனைகளும் சமமாக உட்கார்கிறதா, ஆடுகிறதா? டச்பேட் மேலே எழும்பியிருக்கிறதா, அழுத்தினால் 'க்ளிக்' ஆக மறுக்கிறதா? மூடி முன்பு போல ஒட்டி மூடாமல் நடுவில் இடைவெளி தெரிகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் பேட்டரி உப்பியிருக்க வாய்ப்பு அதிகம். அதன் பிறகு அதை ஆன் செய்ய வேண்டாம், சார்ஜும் வேண்டாம். அழுத்தி மூடுவது, யூடியூப் பார்த்து நீங்களே கழற்றுவது, ஊசியால் குத்திக் காற்றை இறக்குவது எதுவும் கூடாது. கடைசியாகச் சொன்னதைச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள் என்பதால்தான் சொல்கிறேன், குத்தினால் தீப்பிடிக்கும். அணைத்த நிலையிலேயே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோய் பேட்டரியை மாற்றிக்கொள்ளுங்கள். பழைய பேட்டரியை வீட்டுக் குப்பையில் போடாமல் அங்கேயே கொடுத்துவிடலாம்.

பையிலிருந்து புகையோ, 'உஸ்' என்ற சத்தமோ, இனிப்பு கலந்த கெமிக்கல் வாடையோ வந்தால் மட்டும் ஃபைல், ப்ராஜெக்ட் எதையும் நினைக்காதீர்கள். பையை விட்டுவிட்டு விலகி, பக்கத்தில் இருப்பவர்களையும் நகர்த்துங்கள். ரயில் என்றால் உடனே டி.டி.இ-யிடமோ ரயில்வே போலீஸிடமோ சொல்லுங்கள். லேப்டாப் அளவு லித்தியம் பேட்டரித் தீக்குத் தள்ளி நின்று தண்ணீர் ஊற்றலாம், அது சூட்டைத் தணிக்கும். ஆனால், சார்ஜரில் செருகியிருந்தால் முதலில் மெயின் ஸ்விட்ச்சை அணைத்த பிறகுதான் தண்ணீர்.